காவல் படகுக்கு வேகம் வந்த கதை

செங்கற்பட்டுச் சீமையில், செய்யூரைத் தாண்டிக் கிழக்கே போனால், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே கழிகள் படுத்துக் கிடக்கின்றன. அந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பழம் பெயர். கழிகளுக்கு இடையே கிடக்கும் நாட்டுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஒரு பக்கம் உப்பளங்கள். தெற்கே ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள். இவற்றுக்கிடையே ஆந்திர நாட்டிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை இறங்கும் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் போய் வந்த வழி அது. தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஏழை ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, சென்னை நகருக்குள் அந்தக் கால்வாயின் இணைப்பை வெட்டினார்கள். 1878-ல் அதற்குக் கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்களுக்குக் கூலி, வெட்டச் சொன்னவருக்குப் பெயர்! சரித்திரத்தில் இது சகஜம்.

அந்த 1878-ஆம் வருஷத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே வருஷத்தில் லண்டனில் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்லப் போகிறேன். கப்பல் செலவு கிடையாது; எல்லோரும் தாராளமாக உடன் வரலாம்.

லண்டன் தெருக்களுக்கு மாநகரப் போலீஸ் வந்தது 1829-ல். ஆனால் அந்த ஊர் ஓடும் தேம்ஸ் நதிக்கு 1798-லேயே போலீஸ் வந்துவிட்டது. மனிதர்மேல் அத்தனை கரிசனமா என்று வியக்க வேண்டாம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சரக்குகள் கப்பலிலிருந்து கரை சேர்வதற்குள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. வியாபாரிகள் பணம் போட்டார்கள். வாப்பிங் என்ற இடத்தில் நதிக் காவல் பிறந்தது. எண்பது வருஷம் அந்தக் காவலர்கள் துடுப்புப் படகிலேயே ரோந்து சுற்றினார்கள்.

1878 செப்டம்பர் 3-ந் தேதி. உல்லாசப் பயணம் போயிருந்த நூற்றுக்கணக்கான ஜனங்களை ஏற்றிக்கொண்டு, ‘பிரின்ஸஸ் ஆலிஸ்’ என்ற நீராவிப் படகு மாலைப் பொழுதில் லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், மடியில் குழந்தைகள். எதிரே ‘பைவெல் காஸில்’ என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்தது. எதிர்ப்படும் கப்பல்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில், ஆற்றில் எல்லோரும் ஒப்பிய வழக்கம் ஒன்று அப்போது இல்லை. கப்பல் முட்டிற்று, படகு பிளந்தது, ஏறத்தாழ நான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மாண்டவர்கள் அறுநூறு பேருக்கு மேல்.

அதன் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. தேம்ஸில் கப்பல்கள் ஒதுங்கும் முறைக்குத் திட்டமான விதிகள் வந்தன. நதிப் போலீசாருக்குத் துடுப்புப் படகு போதாது என்பதும் விளங்கிற்று. 1880-களின் நடுவில் அவர்கள் கைக்கு நீராவிப் படகுகள் வந்து சேர்ந்தன. இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். திருடனைத் துரத்த எண்பது வருஷம் துடுப்பு போதுமானதாக இருந்தது. மூழ்குகிறவனைத் தூக்குவதற்குத்தான் இயந்திரம் வேண்டியிருந்தது.

கடலுக்கும் இப்படியே விதிகள் வந்தன. இன்று உலகமெங்கும் வழங்கும் மோதல் தடுப்பு விதிகள் 1972-ல் வகுக்கப்பட்டு 1977-ல் அமலுக்கு வந்தவை. எந்நேரமும் கண் விழித்துப் பார்த்துவர வேண்டும்; ஆபத்து தெரிந்தால் நிறுத்தவோ விலகவோ முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும்; முந்திப் போகிறவனே விலகிப் போக வேண்டும்; பாய்மரப் படகுக்கும் வலை விரித்து மீன் பிடிக்கும் படகுக்கும் இயந்திரப் படகு வழி விட வேண்டும். போர்க்கப்பலுக்கு இந்த விதிகளில் என்ன சலுகை என்று தேடிப் பார்த்தேன். விளக்கு, அடையாளம் ஆகியவற்றில் சில சலுகைகள் இருக்கின்றன. வழியில் சலுகை இல்லை.

நம் நாட்டுக் கடலோரக் காவல் படைக்குச் சட்டம் பிறந்தது, தேம்ஸ் விபத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1978-ல். ‘நாங்கள் காக்கிறோம்’ என்பது அதன் முத்திரை வாசகத்தின் பொருள். 2008 நவம்பரில் கடல் வழியாக வந்த கொலைகாரர்கள் மும்பையைத் தாக்கிய பிறகு, நம் கரைகளில் விரைவுப் படகுகள் பெருகின. பெருக வேண்டியதுதான்; அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

ஆனால் அதே மும்பையில் 2024 டிசம்பர் 18-ந் தேதி நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. ‘நீல் கமல்’ என்ற படகு, நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களுடன் எலிபண்டாத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிற்பம் பார்க்கப் போனவர்கள். பட்டப் பகலில் கடற்படையின் விரைவுப் படகு ஒன்று பாய்ந்து வந்து அதன்மேல் மோதிற்று. பதினைந்து உயிர்கள் போயின. கடற்படையின் படகில் இருந்தவர்களும் அதில் அடக்கம். இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும்போது படகு கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகக் கடற்படை அறிவித்தது.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேயவில்லை; சாய்ந்து பயிரின்மேல் விழுந்துவிட்டது. பயிருக்கு இரண்டும் ஒன்றுதான். இயந்திரம் கெடுவது இயற்கை; அதற்காகத்தான் சோதனை செய்கிறார்கள். கெடக்கூடும் என்று தெரிந்தே ஓட்டிப் பார்க்கும் படகுக்கு, ஜனங்கள் போய் வரும் பாதையா மைதானம்?

‘நீல் கமலில் அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். நம் பழவேற்காட்டு ஏரியிலும் 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் படகில் கால் வைப்பது மடத்தனம். ஆனால் ஏற்றியவர்களின் தவறு, மூழ்குகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும். மோத வந்தவனின் தவறைக் குறைக்காது.

மோதினால்தான் ஆபத்து என்பதும் இல்லை. செய்யூர்ப் பக்கத்துக் கழியில், முதலியார்குப்பத்தில், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. அங்கே படகு ஏறும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் சட்டை வார் இறுகியிருக்கிறதா என்று தாய்மார்கள் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்கள். இம்மாதிரிக் கழிகளில் தண்ணீர் ஆழமில்லை; கரைகளும் அருகருகே. விரைவுப் படகு ஒன்று சீறிப் போனால், அது கிளப்பும் அலை ஆழமற்ற நீரில் செங்குத்தாக எழும். கரையில் முட்டித் திரும்பியும் வரும். படகு அதற்குள் கண்ணுக்கு மறைந்திருக்கும். எழுந்து நின்று வலை வீசும் செம்படவனும், துடுப்புப் போடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பட்டணத்துக் குடும்பமும்தான் அந்த அலைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே காவல் படகை ஓட்டும் வீரர்களுக்கு என் விண்ணப்பம் சிறியதுதான். சிறு படகைக் கண்டால் விசையைத் தளர்த்துங்கள். எட்டி விலகிப் போங்கள். சோதனை ஓட்டத்தை ஜனங்கள் இல்லாத தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது ‘ஐயோ!’ என்று அபயக் குரல் கேட்டால் மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் முழு வேகத்தில் வாருங்கள். அந்த வேகம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததே அதற்காகத்தான்.