துன்னம் முதல் தொம்பை வரை: ஒட்டுத்துணிக் கலையின் மதிப்பு மாற்றம்

முன்னுரை

துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தல் வறுமையின் அடையாளம் என்னும் கருத்து பரவலானது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் திருத்தேரின் துணி அலங்காரம் இக்கருத்தை மறுக்கிறது. ஒட்டுவேலையின் மதிப்பு சூழலுக்கேற்ப மாறியதை இக்கட்டுரை மூன்று சான்றுகளின்வழி ஆராய்கிறது.

இலக்கியச் சான்று

பழந்தமிழில் ‘துன்னம்’ என்பது தையலைக் குறிக்கும். புகார் நகரத்துக் கைவினைஞருள் துன்னகாரரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. எனவே தையல் தனித்தொழிலாக நிலவியமை தெளிவு. பொருநராற்றுப்படையில் வரும் பொருநனின் உடையோ வேற்றிழை நுழைத்துத் தைத்த கந்தல். அதனைக் களைந்து, பூவேலைப்பாடு அமைந்த நுண்ணிய ஆடையைக் கரிகாலன் அளிக்கிறான். இங்கு ஒட்டு இன்மையின் குறியாகிறது.

கடல்கடந்த சீட்டித் துணி

சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஐரோப்பாவில் பெரிதும் விரும்பப்பட்டது. இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் உள்ள, சுமார் 1708ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒட்டுப்போர்வை இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியை 1700ஆம் ஆண்டுச் சட்டமும், பருத்தி அச்சுத்துணியின் பயன்பாட்டை 1721ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நாட்டில் கட்டுப்படுத்தின. செல்வர் இல்லத்திலும் சிறு துண்டு பேணப்பட்டமைக்குத் துணியின் அருமையே காரணம் எனலாம்.

மயிலைத் தேர்

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் நிகழ்கிறது. சிற்பங்கள் நிறைந்த மர அடிப்பகுதி நிலையானது. மேற்பகுதி விழாதோறும் கட்டப்பட்டுத் தேர்ச்சீலையால் போர்த்தப்படுகிறது. உருளை வடிவத் தொம்பைகள் அதில் தொங்கவிடப்படுகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் வேரூன்றிய இக்கைவினையில், யாளி, மயில், தாமரை முதலிய உருவங்களை வண்ணத் துணிகளில் வெட்டி அடித்துணிமேல் வைத்துத் தைப்பர். துண்டோடு துண்டை இணைக்கும் போர்வையினின்று இது நுட்பத்தில் வேறுபடும். நோக்கமும் வேறு: எஞ்சிய துணியைப் பயன்படுத்துவதற்காக அன்றி, உருவத்தைப் படைப்பதற்காகவே இங்குத் துணி வெட்டப்படுகிறது. வடம்பிடிப்போர்க்கும் தொலைவில் நிற்போர்க்கும் ஒருங்கே புலப்பட வேண்டியிருப்பதால், நுண்வரைவைவிடத் தெளிந்த விளிம்பும் எதிரெதிர் வண்ணமும் முதன்மை பெறுகின்றன.

முடிவுரை

கந்தலில் இன்மையும், போர்வையில் அருமையும், தேர்ச்சீலையில் அழகும் ஒட்டுவேலைக்குக் காரணமாயின. ஆகவே ஒட்டுவேலையைச் சிக்கனம் என்னும் ஒற்றை அளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தாது. வெயிலிலும் மழையிலும் நைந்த சீலைகள் மாற்றப்படுவதால், தேரின் மரச்சிற்பங்களைப் போல் அவை நெடுங்காலம் எஞ்சுவதில்லை. ஒரு சீலை கழற்றப்படும் தறுவாயிலேயே அதன் துணி, உருவம், தையல்முறை ஆகியவற்றைப் பதிவுசெய்தல் தமிழகத் துணி வரலாற்றாய்வின் உடனடித் தேவையாகும்.