பொதுக் கோப்பு ஏன் மெதுவாகத் திறக்கிறது?



எஸ்.பி.எம். தேர்வுக்கு இரண்டே வாரம். பிரிக்பீல்ட்ஸில் நான் சனிக்கிழமைதோறும் வகுப்பெடுக்கும் டியூஷன் நிலையத்தில், சர்வரில் இருந்த 60 மெகாபைட் பயிற்சித் தொகுப்பைத் திறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. 100 மெகாபிட் வலையமைப்பில் ஐந்தாறு விநாடி போதும். "சர்வர் பழசு டீச்சர், புதுசு வாங்கிடலாம்" என்றார்கள். அந்தப் பணமோ மாணவர்கள் கட்டிய கட்டணம். வாங்குவதற்கு முன் தாமதம் எங்கே என்று தெரிய வேண்டாமா? அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் 'ஈத்தர்நெட்' வலையமைப்பைத் திட்டமிட்டார். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கம்பி. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தகவல் மோதிக் கெட்டுவிடும். இரண்டும் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பணும். ஒற்றைத் தண்டவாளம் மாதிரிதான். பிறகு சுவிட்ச் வந்தது. போக ஒரு வழி, வர ஒரு வழி கிடைத்தது. வேகத்தையும் வழியையும் இரு முனைகளும் தாமே பேசி முடிவு செய்யும் ஏற்பாடு 1995-இல் தரநிலையில் சேர்ந்தது.

ஒரு முனையை மட்டும் யாராவது கையால் 'இருவழி' என்று பூட்டினால் அந்தப் பேச்சு நடக்காது. மறுமுனை பழைய ஒருவழிக்கே திரும்பிவிடும். இணைப்பு இருப்பதுபோல் தெரியும்; பெரிய கோப்பு மட்டும் நகராது.

இன்னொரு காரணமும் உண்டு. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் உருவாக்கிய எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு முறை, ஒவ்வொரு கோப்புக்கும் பலமுறை கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கும். 2006-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகளை 19 ஆகக் குறைத்தது. அப்படியும் ஆயிரம் சின்னக் கோப்புகளுக்கு ஆயிரம் உரையாடல்கள் வேண்டும்.

ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒரே பெரிய கோப்பை நகலெடுங்கள். பிறகு அதே அளவுள்ள பல சின்னக் கோப்புகளை நகலெடுங்கள். பெரியதும் மெதுவானால் முதலில் கம்பி, சுவிட்ச், இணைப்பு அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். சின்னவை மட்டும் மெதுவானால் வைரஸ் தடுப்பு மென்பொருள், வன்தட்டு, பழைய பதிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் எது காரணம் என்று தெரியாது.

எங்கள் நிலையத்தில் பெரிய கோப்புதான் நின்றது. சர்வரின் இணைப்பு கையால் பூட்டப்பட்டிருந்தது. 'தானியங்கி' என்று மாற்றினோம். ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

மாணவர்களே, வரலாற்று வினாவில் 'காரணங்களை விளக்குக' என்று வந்தால் இதை நினைச்சுக்குங்க. கண்ணில் படும் முதல் காரணத்தோடு நின்றுவிடாதீர்கள். சான்று காட்டும் காரணத்தை எழுதுங்கள்.

பயிற்சி: மேலுள்ள நிகழ்வில் உடனடிக் காரணம் எது? வரலாற்றுக் காரணம் எது? பிரித்து எழுதுக.