பிக்கப் டிரக்கின் ஆக்சில் பல்விகித மாற்றம்

பிக்கப் டிரக்கின் பின் ஆக்சிலுக்குள் கிரௌன் வீலும் பினியனும் ஒன்றையொன்று கவ்விச் சுழல்கின்றன. கிரௌன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது ஆக்சில் பல்விகிதம். 41 பல் கிரௌனுக்கு 11 பல் பினியன் என்றால் 3.73, பினியனில் ஒரு பல் குறைந்து 10 ஆனால் 4.10. அமெரிக்காவில் படகு, குதிரை டிரெய்லர், பயண வீடு போன்றவற்றை இழுக்கும் பிக்கப் உரிமையாளர்கள் இந்த ஜோடியைக் கழற்றிவிட்டு, எண் பெரிய ஜோடியைப் பூட்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். தொழிற்சாலையில் பூட்டியது எது என்று பார்க்க வண்டியிலேயே குறியீடு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஜியூ6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10.

எண் எந்த அளவுக்குப் பெரிதாகிறதோ அந்த அளவுக்குச் சக்கரத்தின் முறுக்குவிசை கூடும். 3.08 இருந்த இடத்தில் 4.10 வந்தால் 33 சதவீதம் கூடுதல். 3.42-இலிருந்து 3.73-க்குப் போனால் வெறும் 9 சதவீதம். ஆகும் செலவுக்கு அது கட்டுப்படியாகாது. என்ஜினின் குதிரைத்திறன் இதனால் துளியும் கூடுவதில்லை. அதே சாலை வேகத்தில் என்ஜின் அதிகச் சுற்றில் ஓடுகிறது, அவ்வளவுதான். 31 அங்குல டயர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 674 முறை சுற்றும். நேர் கியரில் 3.08 ஆக்சிலுக்கு என்ஜின் 2,075 சுற்றில் இருக்கும், 4.10-க்கு 2,760-ஐத் தாண்டும். சுமையோடு மேடேறும்போது இது நல்லது. டிரெய்லர் இல்லாத நாளில் பெட்ரோலும் இரைச்சலும்தான் மிச்சம்.

பெரிய டயர் மாட்டியவர்களுக்குக் கணக்கு வேறு. 31 அங்குலத்தை எடுத்துவிட்டு 35 அங்குலம் போட்டால் 3.73 ஆக்சில் ஏறக்குறைய 3.30 போல நடந்துகொள்ளும். அந்த வண்டிக்கு 4.10 பூட்டினாலும் இழந்ததில் பெரும்பகுதிதான் திரும்பும்.

இந்த மாற்றத்தால் உண்மையில் பலன் பெறுபவை நான்கு கியர் ஆட்டோமேட்டிக் உள்ள பழைய வண்டிகள். 4எல்60-ஈ டிரான்ஸ்மிஷனின் முதல் கியர் 3.06, ஓவர்டிரைவ் 0.70. நான்கே கியர்கள் என்பதால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி பெரிது. ஆக்சில் எண் சிறிதாக இருந்தால், சுமையோடு மேடேறும்போது டிரான்ஸ்மிஷன் ஓவர்டிரைவுக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விட்டுவிட்டுப் பிடிக்க, ஆயில் சூடேறும். புதிய பத்துக் கியர் டிரான்ஸ்மிஷன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஃபோர்டின் பத்துக் கியரில் முதல் கியர் 4.70, அதோடு 3.31 ஆக்சில் சேர்ந்தாலே மொத்தம் 15.5 வருகிறது. பழைய நான்கு கியர் வண்டிக்கு 4.10 பூட்டினாலும் 12.5-தான்.

பல்லை மாற்றிவிட்டால் இழுவை வரம்பும் உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். தயாரிப்பாளர் தரும் வரம்பு பிரேக், ரேடியேட்டர், சேசிஸ், கொக்கி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தது. எஸ்ஏஈ ஜே2807 தரநிலையின்படி, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் 18 கிலோமீட்டருக்கு மேல், ஏசியை முழுவேகத்தில் ஓடவிட்டு, சுமையோடு ஏறிக்காட்ட வேண்டும். ஒரே மாடல் வண்டிக்கு ஆக்சில் எண்ணைப் பொறுத்து வரம்பு பல நூறு கிலோ மாறுவது உண்மை. ஆனால் பட்டறையில் பல் மாற்றிய வண்டிக்குக் கதவோரத்து ஒட்டுச்சீட்டில் உள்ள எடைதான் எடை.

வேலை நுணுக்கமானது. முதலில் கிரௌனைத் தாங்கும் கேரியர் புது ஜோடிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். டேனா 44 ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-க்கு மேல் வேறு கேரியர். டேனா 60-இல் இந்தப் பிரிவு 4.10-க்கும் 4.56-க்கும் இடையே விழுகிறது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதைத் தாள் போன்ற மெல்லிய ஷிம்களால் சரிசெய்வார்கள். பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றினால் பல் உரசிய இடத்தில் பசை வழித்துக்கொண்டு தடம் தெரியும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது; நுனியில் விழுந்தால் போதவில்லை. திரும்பக் கழற்றி, ஷிம் மாற்றி, மறுபடியும் தடவிப் பார்க்க வேண்டும். பற்களுக்கு இடையிலான பிளே பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. அதை டயல் கேஜ் காட்டும். பினியன் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது நசுங்கும் ஸ்லீவ். நட்டை ஒரு துளி கூடுதலாக முறுக்கிவிட்டால் பின்னுக்குத் தளர்த்திப் பயனில்லை, புது ஸ்லீவ் போட வேண்டும். அளவு தவறிய ஆக்சில் நெடுஞ்சாலையில் ஊளையிடும்.

நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் முன் ஆக்சிலுக்கும் அதே விகிதம் வேண்டும். இல்லையேல் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். செலவு இரட்டிப்பாவது இங்கேதான். டிரான்ஸ்மிஷனின் வெளிஷாஃப்டிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்; என்ஜின் கம்ப்யூட்டரில் புது எண்ணைப் பதிய வேண்டும், பழைய வண்டியானால் ஸ்பீடோமீட்டர் பல்லையே மாற்ற வேண்டும்.

புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகச் சிறிது காலம் பிடிக்கும். முதல் நாள் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, ஆக்சில் முழுக்க ஆறிய பின்பே மறுபடி ஓட்டுவார்கள். ஹைப்பாய்டு எனப்படும் இவ்வகைப் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால் வெப்பம் அதிகம். அதனால் ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் டிரெய்லர் மாட்டாமல் ஓட்டி, இரும்புத்தூள் கலந்த அந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிய பிறகே சுமையை மாட்டுவது வழக்கம்.