அறுவைக்குப் பின் நிமிரும் முதுகு

கப்பல் மூட்டைகளையும் உப்புக் கூடைகளையும் தலையில் சுமந்த தூத்துக்குடித் தொழிலாளரின் இடுப்புவலிக்கு எண்ணெயும் ஒத்தடமுமே நெடுங்காலம் மருந்தாக இருந்தன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வரை வலி இறங்கக்கூடும் என்பதை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் விளக்கினர். வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னையில் பி. ராமமூர்த்தியும் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினர்.

அக்காலத்தில் அறுவைக்குப் பின் நெடுநாள் படுக்கையே விதியாக இருந்ததால் தசைகள் மெலிந்தன. விபத்தில் கால்கள் செயலிழந்த மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம், பயிற்சியையும் சிகிச்சையாக மதிக்கும் போக்குக்கு வலுவூட்டியது. இன்று பெரும்பாலும் மறுநாளே நோயாளி ஒருக்களித்து, கையூன்றி எழுந்து நடக்கிறார். பின்னர் வயிற்றுத் தசையை இறுக்கவும், குனியாமல் முழங்கால் மடக்கிச் சுமை தூக்கவும் பழகுகிறார். ஆனால் நாட்கூலியை நம்பும் உப்பளத் தொழிலாளிக்குப் பயிற்சி முடியும்வரை காத்திருப்பது கடினம்.