நியூகிரேஞ்ச் கல்லறைப் புனரமைப்பு

நியூகிரேஞ்ச் என்பது அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், பாய்ன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுப்பப்பட்ட புதிய கற்கால இடைவழிக் கல்லறை. சுமார் 85 மீட்டர் விட்டமுள்ள மேட்டை 97 விளிம்புக் கற்கள் சூழ்கின்றன. 19 மீட்டர் இடைவழி உள்ளறைக்குச் செல்கிறது. கூரைப் பலகைக் கற்களின் மேல்புறத்தில் மழைநீர் வடிய வாய்க்கால்கள் செதுக்கப்பட்டுள்ளன. இடுக்குகள் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைக்கப்பட்டுள்ளன. உள்ளறை இன்றளவும் ஈரமின்றி இருப்பது இவற்றால்தான்.

1699இல் கல் எடுக்கும்போது நுழைவாயில் வெளிப்பட்டது. 1962 முதல் 1975 வரை மைக்கேல் ஜே. ஓ'கெல்லி அகழ்ந்து, உட்புறம் சாய்ந்திருந்த இடைவழிக் கற்களை நிமிர்த்தினார். குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளின் விடியலில், வாயிலின் மேலுள்ள திறப்பு வழியே கதிரொளி அறையை எட்டுவதை 1967இல் கண்டார்.

வாயிலருகே சரிந்து கிடந்த வெண்படிகக் கற்களைக் கொண்டு, கான்கிரீட் சுவரின் துணையுடன் செங்குத்தான முகப்பு அமைக்கப்பட்டது. புதிய கற்காலத் தொழில்நுட்பத்தில் இவ்வளவு செங்குத்தான சுவர் நின்றிருக்காது எனவும், அக்கற்கள் தளமாகப் பாவப்பட்டவை எனவும் தொல்லியலாளர் சிலர் மறுக்கின்றனர், இம்மறுப்பு வலுவானது. அருகிலுள்ள நவுத் கல்லறையில் படிகக் கற்கள் தரையிலேயே விடப்பட்டன. 1993இல் இப்பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது.