"மருந்து கொடு, வேலைக்கு அனுப்பு": முதல் உலகப் போரில் ஒரு பட்டாலியன் டாக்டர்

நான் எம்.டி. படித்தவன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்த எழுத்துகளுக்கு வேறொரு அர்த்தம். காலையில் டாக்டரிடம் போனால் நோட்டில் "எம் அண்ட் டி" என்று எழுதுவார். மெடிசின் அண்ட் டியூட்டி. மருந்தை வாங்கிக்கோ, வேலைக்குப் போ. மருந்தும் பெரும்பாலும் ஒண்ணுதான்: 9ஆம் நம்பர் மாத்திரை. பேதி மாத்திரைங்க! தலைவலிக்கும் அதுதான், முதுகுவலிக்கும் அதுதான்.

ஒரே ஒரு பட்டாலியனை மட்டும் எடுத்துக்கிட்டு இந்த த்ரெட். ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ், 2ஆம் பட்டாலியன். 1914 ஆகஸ்டில் பிரான்ஸ் போனது. சுமார் 1000 பேர், அவர்களுக்கு ஒரே ஒரு டாக்டர். போரின் தொடக்கத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்க 16 பேர். சண்டையில்லாத நாட்களில் இவர்கள்தான் பேண்டு வாசிப்பவர்கள்.

1915 இறுதியில் வந்த டாக்டர் பெயர் ஜே.சி. டன். நாற்பதைத் தாண்டிய மனிதர். அதற்கு முன் போயர் போரில் டாக்டராக இல்லாமல், சாதாரண குதிரைப்படை வீரராகச் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர். அதனால் இவரிடம் சாக்குப்போக்கு எடுபடாது.

போர் என்றதும் நமக்குப் பெரிய தாக்குதல்கள்தான் நினைவுக்கு வரும். ஆனா சண்டையே நடக்காத வாரத்திலும் பட்டாலியன் கரைந்துகொண்டே இருந்தது. தலையைத் தூக்கினவனுக்கு ஸ்னைப்பர் குண்டு, டீ போட்டுக்கொண்டிருந்தவன் மேல் ஷெல். இதற்கு ராணுவம் வைத்திருந்த பெயர் "வேஸ்டேஜ்". சேதாரம். நகைக்கடையில் சொல்வோமே, அதே சேதாரம்.

அன்றாட வாழ்க்கை எப்படி? விடிவதற்கு முன் எல்லோரும் துப்பாக்கியோடு தயார் நிலையில் நிற்கணும். அப்புறம் ஒரு மடக்கு ரம். பகலில் கிடைத்த இடத்தில் தூக்கம். இரவில்தான் உண்மையான வேலை: மண் வெட்டுவது, முள்கம்பி கட்டுவது, சாப்பாடு சுமந்து வருவது. டின் மாட்டிறைச்சி, கல் மாதிரி பிஸ்கட், ஜாம். தண்ணீர் பெட்ரோல் டின்னில் வரும், டீயிலும் பெட்ரோல் வாசனை.

சில நாள் முன்வரிசை, சில நாள் பின்வரிசை, பிறகு கொஞ்சம் ஓய்வு. ஓய்வு என்றால் மெழுகுவத்தியைச் சட்டைத் தையலோடு ஓட்டிப் பேன் கொல்வது. அந்தப் பேன்தான் 'ட்ரெஞ்ச் ஃபீவரை'ப் பரப்பியது. காய்ச்சல் விட்டு விட்டு வரும், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் தாங்க முடியாத வலி. பேன்தான் காரணம் என்பது நிரூபணமானது 1918இல். போரே முடியப்போகும் நேரம். வேறொரு பட்டாலியனில் இருந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' டோல்கீன் 1916இல் ஊர் திரும்பியது இந்தக் காய்ச்சலால்தான்.

அடுத்தது கால். குளிர்ந்த சேற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்து, வீங்கி, கருத்து, அழுகும். முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 20,000 பேருக்கு மேல். வைத்தியம் என்ன தெரியுமா? திமிங்கல எண்ணெய் தேய்த்து, தினமும் காய்ந்த சாக்ஸ் மாற்றுவது. ஆட்கள் காலைப் பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் பொறுப்பு என்று உத்தரவு போட்ட பிறகுதான் எண்ணிக்கை குறைந்தது. பொது சுகாதாரத்தில் பாதி இப்படித்தாங்க. மருந்தைவிட யார் பொறுப்பு என்பதுதான் முக்கியம்.

இந்தச் சூழலில் சிப்பாய் கனவு காண்பது 'பிளைட்டி' காயம். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் ஊருக்கு அனுப்பிவிடக்கூடிய காயம். அந்தச் சொல் இந்தியாவிலிருந்து போனது! 'விலாயத்தி'யைத்தான் வெள்ளைக்கார சிப்பாய்கள் 'பிளைட்டி' ஆக்கினார்கள். நம்ம பாஷையில் சொன்னா 'சீமை'.

1916 ஜூலை 20, சோம் போர்க்களத்தில் ஹை வுட் என்ற காட்டுக்கான சண்டை. பட்டாலியனுக்குக் கடுமையான இழப்பு. அதில் இருபது வயது அதிகாரி ராபர்ட் கிரேவ்ஸ், பின்னாளில் பெரிய எழுத்தாளர். ஷெல் சில்லு நெஞ்சில் துளைத்தது. பிழைக்க மாட்டார் என்று ஒரு மூலையில் கிடத்திவிட்டார்கள். கமாண்டர் அம்மாவுக்கு இரங்கல் கடிதமே எழுதிட்டார். 'தி டைம்ஸ்' இதழில் இறந்தவர் பட்டியலில் பெயரும் வந்தது. மறுநாள் பார்த்தால் மூச்சு இருக்கு. அவர் இறந்தது 1985இல்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. தொடை எலும்பு முறிந்தவர்களில் பத்தில் எட்டு பேர் போரின் ஆரம்பத்தில் இறந்ததாகச் சொல்வார்கள். களத்திலேயே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், தாமஸ் ஸ்ப்ளின்ட் கட்டப் பழகிய பிறகு அது பெருமளவு குறைந்தது. இன்றைக்கும் நம்ம வார்டுகளில் இருக்கிற அதே தாமஸ் ஸ்ப்ளின்ட்தான்.

இனி எனக்கு உறுத்தும் விஷயம். போர் முடிந்து 'ஷெல் ஷாக்' பற்றி விசாரித்த அரசுக் குழு முன் டன் சாட்சி சொன்னார். சாரம் இதுதான்: பட்டாலியன் டாக்டரின் முதல் கடமை, கடமையிலிருந்து நழுவுவதைத் தடுப்பது. சில நேரம் நம் மனசுக்கு விரோதமாகக்கூட, அந்த ஆளுக்கே தற்காலிகமாகத் தீங்கு வந்தாலும்கூட. ஏன்னா அவனை அனுப்பிவிட்டால், அவன் இடத்தில் நிற்கப்போவது இன்னொருவன்.

இதைப் படித்ததும் கோபம் வந்தது. நோயாளிக்கு முதலில் தீங்கு செய்யாதே என்றுதானே படிச்சோம்? ஆனா அந்த 'இன்னொருவன்' விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கை நடுங்குகிற ஒருவன் முன்னால் நிற்கிறான். அவனுக்குப் பதில் போகப்போகிறவன் வரிசையில்கூட இல்லை. டாக்டருக்கு ரெண்டு பேருமே நோயாளிகள். மன பாதிப்பை நழுவலோடு சேர்த்துப் பார்த்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்பவன் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

டன் பின்னால் ஒளிந்தவரும் இல்லை. வீரத்துக்கான பதக்கங்கள் இந்தப் போரிலும் வாங்கினார். 1918 மே மாதம் விஷவாயு அவரையே தாக்க, பட்டாலியனை விட்டுப் போனார்.

அதே பட்டாலியனில் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்றொரு சிப்பாய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1914இல் இருந்து கடைசி வரை களத்திலேயே இருந்து உயிரோடு திரும்பினார். பதவி உயர்வு கொடுத்தும் வாங்கவில்லை. 1933இல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார்.

டன் வேறு மாதிரி செய்தார். உயிரோடு இருந்த பட்டாலியன்காரர்களின் டைரிகளையும் நினைவுகளையும் வருஷக்கணக்கில் சேகரித்து, தன் குறிப்புகளோடு கோத்து, 'தி வார் தி இன்ஃபன்ட்ரி நியூ' என்று 1938இல் வெளியிட்டார். 500 பிரதிகள். அட்டையில் தன் பெயர் போடவில்லை.