போர்வீரனின் உடலும் அரசின் அளவுகோலும்

யுத்தங்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவும் சமர்க்களங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. சாதாரண மனிதன் சமர்க்களத்தைச் சென்றடையுமுன் கடக்க வேண்டியிருந்த ஒரு வாயிலைப் பற்றி ஒப்பீட்டளவிற் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. ஆட்சேர்ப்பு நிலையத்தின் வைத்தியப் பரிசோதனையே அவ்வாயிலாகும். அங்கு அவன் ஆடை களைந்து நிறுத்தப்படுகிறான். உயரம், நிறை, மார்பளவு ஆகியன அளக்கப்படுகின்றன. பல், கண், செவி, இருதயம், நுரையீரல், பாதம் என்பன சோதிக்கப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவனது உள்ளமும் சில நிமிட நேரம் விசாரிக்கப்படலாயிற்று. ஈற்றில் ‘தகுதியுடையவன்’ அல்லது ‘தகுதியற்றவன்’ என்ற ஒரு சொல் அவன் பெயருக்கெதிரே எழுதப்படுகிறது.

இச்சொல் வைத்தியவியலுக்கு மட்டுமே உரிய சொல்லாகத் தோன்றும். ஆயின் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 1899 முதல் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அது கையாளப்பட்ட முறையை நோக்கின், தகுதியின் எல்லையை நோயின் இயல்பு மாத்திரம் வகுக்கவில்லை என்பது புலப்படும். அரசுக்கு எத்தனை பேர் தேவைப்பட்டனர், அவர்கள் எவ்வர்க்கத்திலிருந்து வந்தனர், எத்தகைய மனிதனைச் சமூகம் இயல்பானவனெனக் கொண்டது என்பனவும் அவ்வெல்லையை வகுத்தன. இதனை விளக்குவதே எமது நோக்கமாகும்.

1

1899 இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது பிரித்தானிய நகரங்களின் தொழிலாள இளைஞர் பெருந்தொகையாக ஆட்சேர்ப்பு நிலையங்களுக்குச் சென்றனர். மஞ்செஸ்டர் நகரில் 1899 ஒக்டோபருக்கும் 1900 யூலைக்கும் இடையில் முன்வந்த 11,000 பேரில் 8,000 பேர் துப்பாக்கி சுமக்கவும் இராணுவப் பயிற்சியின் களைப்பைத் தாங்கவும் இயலாதவர்களென நிராகரிக்கப்பட்டனர் என ஆர்னல்ட் வைற் எழுதினார். ஏற்கப்பட்ட 3,000 பேரிலும் 1,200 பேரே மிதமான உடற்றகுதி பெற்றிருந்தனர் என்பது அவர் கூற்று. 1902 இல் மேஜர் ஜெனரல் பிரெடெரிக் மோறிஸ், படையிற் சேர விரும்பும் ஐவரில் இருவரே ஈராண்டுகளின் பின்னர் பயனுள்ள போர்வீரராக எஞ்சுகின்றனர் எனக் கணித்தார்.

இந்நிலை திடீரெனத் தோன்றியதன்று. காலாட்படைக்குரிய ஆகக் குறைந்த உயரம் 1845 இல் 5 அடி 6 அங்குலமாக இருந்து, 1883 இல் 5 அடி 3 அங்குலமாகக் குறைக்கப்பட்டு, போயர் யுத்த காலத்தில் 5 அடியளவுக்கு வந்திருந்தது. கைத்தொழிற் புரட்சியின் தாயகம் தன் தொழிலாளரின் உடலிலிருந்து எதனை எடுத்துக்கொண்டது என்பதற்கு இவ்வளவுகோலின் இறக்கமே ஒரு சான்றாகும். அதே காலத்தில் சீபம் றௌண்ட்றி யோர்க் நகரில் நடத்திய ஆய்வு, நகர மக்களில் ஏறத்தாழ 28 வீதத்தினர் வறுமையில் வாழ்ந்தனர் என 1901 இல் வெளிப்படுத்தியது.

ஆளும் வர்க்கத்தில் ஒரு சாரார் இதனை ‘இனச் சீரழிவு’ என விளக்கினர். தகுதியற்றோர் பெருகுகின்றனர், நோய் பரம்பரையானது என்பது அவர்தம் வாதம். இதனை ஆராய 1903 இல் நியமிக்கப்பட்டு 1904 இல் அறிக்கை சமர்ப்பித்த குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. நெருக்கடியான குடியிருப்பு, மாசுற்ற காற்று, போதாத உணவு, மதுப்பழக்கம், வேலைநிலைமைகள் ஆகியவற்றையே அது சுட்டியது. அதன் விதப்புரைகளின் வழியே 1906 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் சட்டமும், 1907 இல் அவர்களுக்கு வைத்தியப் பரிசோதனை செய்யும் ஏற்பாடும் வந்தன. பிள்ளைகளின் பசி அதற்கு முன்னரும் இருந்தது. தொழிற்சங்கத்தினரும் சமதர்மவாதிகளும் அதைப்பற்றிப் பேசியே வந்தனர். ஆயின் அப்பசி வருங்காலப் போர்வீரரின் தொகையைப் பாதிக்கும் எனத் தெரிந்த பின்னரே அரசு அதற்குச் செவிசாய்த்தது.

இவ்விடத்து எமது பிராந்தியத்தைத் தொடும் ஒரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். 1900 இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியப் படைக்குத் தலைமை தாங்கிய றோபேட்ஸ் பிரபு, 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். தென்னிந்தியர் நீண்டகாலச் சமாதானத்தில் போர்க்குணத்தை இழந்துவிட்டனர், வடமேற்கு மக்களே போருக்குரிய இனத்தவர் என்ற கருத்தை வலுவாகப் பரப்பியவர்களுள் அவரும் ஒருவர். தமிழரும் தெலுங்கரும் நிறைந்திருந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, பல பிரிவுகளில் அவர்களுக்குப் பதிலாகப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். இங்கு எந்த வைத்தியரும் எவரையும் சோதிக்கவில்லை. மக்கட் கூட்டங்கள் முழுவதுமே தகுதியற்றனவெனத் தீர்க்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆட்பற்றாக்குறை வந்ததும் சென்னைப் பிரிவுகள் மீண்டும் திரட்டப்பட்டன. இழந்துவிட்டதாகக் கூறப்பட்ட போர்க்குணம் பற்றிய கேள்வி அப்போது எழவில்லை.

2

தேவைக்கேற்ப அளவுகோல் அசைவதை முதலாம் உலக யுத்தத்திற் போல வேறெங்கும் தெளிவாகக் காணல் அரிது. 1914 ஓகஸ்டில் பிரித்தானியக் காலாட்படைக்குரிய உயரம் 5 அடி 3 அங்குலம். தொண்டர்கள் அளவுக்கு மீறித் திரண்டதும் செப்தெம்பரில் அது 5 அடி 6 அங்குலமாக உயர்த்தப்பட்டது. திரள் குறைந்ததும் ஒக்டோபரில் 5 அடி 4 அங்குலமாகவும், நவெம்பரில் மீண்டும் 5 அடி 3 அங்குலமாகவும் குறைக்கப்பட்டது. மூன்று மாதங்களில் மனித உடல் மாறவில்லை. மாறியது அரசின் தேவையே. அதே நவெம்பரில் பேர்க்கன்ஹெட்டில் 5 அடிக்கும் 5 அடி 3 அங்குலத்துக்கும் இடைப்பட்டோரைக் கொண்ட ‘பன்ரம்’ படைப்பிரிவு உருவாயிற்று. செப்தெம்பரில் தகுதியற்றவனாக வீடு திரும்பியவன் நவெம்பரில் தேசத்தின் பெருமைக்குரியவனானான்.

1916 இற் கட்டாய இராணுவ சேவை நடைமுறைக்கு வந்தது. 1917 இல் நிறைவேறிய ஒரு சட்டம், முன்னர் நிராகரிக்கப்பட்டோரையும் காயமுற்று விடுவிக்கப்பட்டோரையும் மீண்டும் பரிசோதனைக்கு அழைத்தது. வெளிப்படையாக நோயுற்றிருந்தோரும் சேவைக்குத் தகுதியானவர்களெனக் கொள்ளப்பட்டமை பாராளுமன்றத்திற் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. அதனை விசாரித்த பாராளுமன்றக் குழுவின் விதப்புரைப்படி பரிசோதனைப் பொறுப்பு யுத்த அலுவலகத்திடமிருந்து எடுக்கப்பட்டு, 1917 இறுதியில் தேசிய சேவை அமைச்சின்கீழ் வந்தது. வீரர் தேவைப்பட்ட நிறுவனமே வீரனின் உடலைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது என்பதை மக்களின் எதிர்ப்பு அரசை ஏற்கச் செய்தது.

அவ்வமைச்சின் வைத்திய சபைகள் 1917 நவெம்பர் தொடக்கம் ஓராண்டில் ஏறத்தாழ 24 இலட்சத்து 25 ஆயிரம் பரிசோதனைகளை நடத்தின. முதலாந் தரத்தில் 36 வீதத்தினர் மட்டுமே அடங்கினர். ஏறத்தாழ 22 வீதத்தினர் இரண்டாந் தரத்திலும், 31 வீதத்தினர் மூன்றாந் தரத்திலும், 10 வீதத்தினர் முற்றுந் தகுதியற்றோராக நான்காந் தரத்திலும் வைக்கப்பட்டனர். உடற்கூற்றியலறிஞர் ஆதர் கீத் வகுத்த நியமத்தின்படி ஆரோக்கியமான மக்கட் கூட்டமொன்றில் 70 வீதத்தினர் முதலாந் தரத்தில் இருத்தல் வேண்டும்.

இப்புள்ளிவிபரங்களைக் கையாள்கையில் எச்சரிக்கை அவசியம். உடல்வலிமை மிக்க இலட்சக்கணக்கானோர் ஏற்கெனவே போர்முனைக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியோரே இச்சபைகளின் முன் வந்தனர். 1918 ஏப்றிலில் வயதெல்லை 51 ஆக உயர்த்தப்பட்டமையும் கருதத்தக்கது. ஆதலின் இவை முழுத் தேசத்தின் உடல்நிலையைக் காட்டுவன அல்ல. எனினும் ஒரே சோதனைக்குட்பட்டோரிடையே காணப்பட்ட வேறுபாடு பொருள் பொதிந்தது. சுரங்கத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் ஒப்பீட்டளவில் மேலான நிலையிலிருக்க, லங்காஷயரின் பருத்தியாலைத் தொழிலாளர் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். நோய் எவர் உடலிலும் ஒரே வகையிற் குடியேறவில்லை; அவரவர் தொழிலின் வழியே அது வந்தது. 1918 செப்தெம்பரில் மஞ்செஸ்டரிற் பேசிய பிரதமர் லோயிட் ஜோர்ஜ், முதற்றரச் சாம்ராச்சியத்தைக் கடைத்தரக் குடிமக்களைக் கொண்டு பேணவியலாது எனும் கருத்தை வெளியிட்டார். குடிமக்களின் உடல்நலத்துக்காக அவர் தேடிய நியாயம் சாம்ராச்சியமே என்பது நோக்கற்பாலது.

3

உடலின் தகுதியை அளப்பதற்கு அடியும் அங்குலமும் இருந்தன. உள்ளத்தை அளப்பதற்கு யாதுமில்லை. 1915 பெப்ருவரியில் சாள்ஸ் மயர்ஸ் ‘லான்செற்’ சஞ்சிகையில் ‘எறிகணை அதிர்ச்சி’ என்ற தொடரைப் பயன்படுத்தினார். பேச்சிழத்தல், நடுக்கம், பார்வைக் குறைவு, ஞாபக மறதி ஆகியன எறிகணை வெடிப்பின் அதிர்வால் விளைவனவென முதலில் எண்ணப்பட்டது. விரைவிலேயே வெடிப்பின் அருகே செல்லாதோரிடமும் இவை காணப்பட்டன.

நோய்க்கு இடப்பட்ட பெயர் நோயாளியின் விதியையே தீர்மானித்தது. எதிரியின் நடவடிக்கையால் விளைந்ததெனப் பதியப்பட்டால் அது ‘காயம்’. மதிப்பும் ஓய்வூதிய உரிமையும் அதனுடன் வந்தன. அவ்வாறன்றேல் அது ‘சுகவீனம்’ மட்டுமே. அதிகாரிகளின் துன்பம் பெரும்பாலும் ‘நரம்புத் தளர்ச்சி’ எனவும், சாதாரண வீரரின் துன்பம் ‘ஹிஸ்ரீரியா’ எனவும் குறிக்கப்பட்டன. நீலகிரித் தோடர் பற்றி 1906 இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளரான டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ், கிறெயிக்லொக்கார்ட் வைத்தியசாலையில் உரையாடல் வழியே சிகிச்சையளித்தார்; ஆயின் அங்கிருந்தோர் அதிகாரிகளே. சாதாரண வீரருக்கு மின்னதிர்ச்சி போன்ற கடும் முறைகள் கையாளப்பட்ட இடங்களும் இருந்தன. கோழைத்தனம், படையை விட்டோடுதல் முதலிய இராணுவக் குற்றங்களுக்காகச் சுடப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்ட 306 பேரிலும் உள்ளம் நொந்தோர் இருந்தனர். அம்மன்னிப்பு 2006 இலேயே வந்தது.

1922 இல் வெளிவந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை அத்தொடரையே கைவிடும்படி விதந்துரைத்து, ஆட்சேர்ப்பின்போது மனவலிமையற்றோரைக் கவனமாக விலக்குமாறும் கூறியது. இத்தகைய விதப்புரையில் நுட்பமானதொரு திசைதிருப்பம் உண்டு. யுத்தம் மனிதனைச் சிதைக்கிறது என்ற உண்மை, சிதையக்கூடிய மனிதன் யுத்தத்துக்கு வந்துவிடுகிறான் என்ற முறைப்பாடாக மாற்றப்படுகிறது.

4

இக்கருத்து மிகப் பெரிய அளவிற் பரீட்சிக்கப்பட்டது அமெரிக்காவிலாகும். 1940 இல் ஆட்தெரிவுச் சட்டம் நிறைவேறியபோது, மனநோய் வைத்தியர் ஹரி ஸ்ராக் சல்லிவனின் ஆலோசனையுடன் உளவியற் சோதனை புகுத்தப்பட்டது. 1941 ஒக்டோபர் வரை சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 20 இலட்சம் பேரில் அரைவாசிப்பேர் நிராகரிக்கப்பட்டனர். உடற்காரணங்களுள் முதன்மையானது பல்! எதிரெதிராகப் பொருந்தும் மூன்று சோடி முன்பற்களும் மூன்று சோடி கடைவாய்ப்பற்களும் இருத்தல் வேண்டுமென்பது விதி. பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகளில் வளர்ந்தோரின் வாயில் அவை இருக்கவில்லை. 1942 இல் ஆட்தேவை பெருகியதும் இவ்விதி தளர்த்தப்பட்டது.

உளவியற் சோதனை பல இடங்களில் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்தது. யுத்த காலத்தில் சோதிக்கப்பட்ட ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரில் 18 இலட்சம் பேரளவில், அதாவது சுமார் 12 வீதத்தினர், உளவியற் காரணங்களால் நிராகரிக்கப்பட்டனர். முதலாம் யுத்தத்தில் இது ஏறத்தாழ 2 வீதமே. இவ்வளவு சலித்தெடுத்த பின்னரும் படையினரிடையே உளப்பாதிப்பு முந்தைய யுத்தத்தை விஞ்சிற்று. முதலில் நிராகரிக்கப்பட்டுப் பின்னர் எவ்வாறோ சேர்க்கப்பட்டோரிற் பெரும்பாலோர் திருப்தியாகப் பணியாற்றினர் என 1951 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதற்கு முன்னரே, 1946 இல், அப்பலும் பீப்பும் 200 முதல் 240 வரையான சமர்நாட்களில் சராசரிக் காலாட்படை வீரன் தளர்ந்துவிடுவான் என்ற முடிவுக்கு வந்திருந்தனர். தகுதியற்ற மனிதனைத் தேடிச் சென்ற விஞ்ஞானம், எந்த மனிதனும் முடிவற்ற யுத்தத்துக்குத் தகுதியற்றவன் என்ற இடத்தில் வந்து நின்றது. இது கூறப்படுமுன், 1943 இல் சிசிலியின் வைத்தியசாலைகளில் ஜெனரல் பற்றன் இவ்வாறு தளர்ந்த இரு வீரரை அறைந்திருந்தார்.

சமூகத்தின் விருப்புவெறுப்புகளும் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றன. ஒருபாலுறவு நாட்டம் உளக்கோளாறெனக் கொள்ளப்பட்டுத் தகுதியிழப்புக்குக் காரணமாயிற்று. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 1973 இல் அதனை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிய பின்னரும் இராணுவத் தடை நீடித்தது. பிரித்தானியாவில் 2000 இலும் அமெரிக்காவில் 2011 இலுமே அத்தடை அகன்றது. வைத்தியம் தன் தீர்ப்பை மீளப்பெற்ற பின்னரும் தண்டனை தொடர்ந்தமை, வைத்தியம் காரணமாக அன்றிச் சாட்டாகவே இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

வியற்னாம் யுத்தத்தின்போது அளவுகோல் மீண்டும் தாழ்ந்தது. 1966 இல் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா தொடக்கிய திட்டத்தின்கீழ், முன்னர் அறிவுத்திறன் சோதனையில் விலக்கப்பட்டிருக்கக்கூடிய மூன்றரை இலட்சம் பேரளவில் 1971 வரை சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் தம் தொகைக்கு மிஞ்சி இருந்தனர். அதே ஆண்டுகளில் வசதிபடைத்த குடும்பங்களின் மைந்தர் குடும்ப வைத்தியரின் கடிதத்தால் விலக்குப் பெறுதல் எளிதாயிருந்தது. ஒருவனின் குறை யுத்தத்துக்குக் கதவைத் திறந்தது. மற்றவனின் குறை அதே கதவை மூடியது.

5

மேற்கூறியவற்றைக்கொண்டு நோய் என்பதே அரசின் கற்பனை எனக் கொள்ளுதல் தவறாகும். காசநோயும் இருதய நோயும் உண்மையானவை. அவற்றைக் கண்டு கூறிய நேர்மையான வைத்தியர் பல உயிர்களைக் காத்தனர். 1917 இல் மக்கள் கோரியதும் பரிசோதனையை ஒழிப்பதையன்று, அதனை நீதியாக்குவதையே. பரிசோதனை ஒருபுறம் அரசின் சல்லடையாகவும் மறுபுறம் எளிய மனிதனின் கேடயமாகவும் இருந்தது. எப்போது எதுவாக இருக்கும் என்பதை வைத்தியம் தனித்துத் தீர்மானிக்கவில்லை. வைத்தியனுக்குக் கட்டளையிடும் அதிகாரம் எவர் கையிலிருந்தது என்பதும், அதனைக் கேள்வி கேட்க மக்களுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதுமே தீர்மானித்தன.

1906 இன் பாடசாலை உணவும், தேசியப் பாதுகாப்பை ஒரு நோக்கமாகக் கூறி 1946 இல் அமெரிக்கா நிறைவேற்றிய பாடசாலை மதியபோசனச் சட்டமும் பிள்ளைகளுக்கு நன்மை செய்தன. ஆயின் பிள்ளை உண்ணவேண்டியது அது பிள்ளை என்பதற்காகவேயன்றி, நாளை துப்பாக்கி சுமக்கும் என்பதற்காகவன்று. உடல்நலத்தை யுத்தத்தின் வாயிலில் மட்டும் அளக்கும் அரசு, யுத்தம் முடிந்ததும் அவ்வளவுகோலை மடித்து வைத்துவிடும். அவ்வளவுகோலைச் சமாதான காலத்திலும் விரித்துவைத்து, பருத்தியாலையையும் சேரியையும் பாடசாலையையும் அதனால் அளக்கும்படி அரசை நிர்ப்பந்திப்பது மக்கள் இயக்கங்களின் பணியாகும்.